ரீஸ்டார்ட் பண்ணா ஏசி பாக்ஸ் எல்லாம் வருது, கொஞ்ச நேரத்துல திரும்ப ஆஃப்லைன், உதவி வேணும்

கேள்வி:
வணக்கம் அண்ணன்களா, சென்னையில ஒரு ஆபீஸ் பில்டிங்ல பிஎம்எஸ் (பில்டிங்கோட ஏசி மாதிரி சிஸ்டத்த எல்லாம் கன்ட்ரோல் பண்றது) பாக்குறேன். மூணாவது மாடி விஏவி பாக்ஸ் (ரூமுக்கு போற ஏசி காத்த கூட்டி குறைக்கிறது) எல்லாம் பேக்நெட் எம்எஸ்டிபி லைன்ல (எல்லா பாக்ஸும் ஒரே ஒயர்ல முறை வச்சு பேசுறது) ஒரே நெட்வொர்க் கன்ட்ரோலருக்கு வருது, ஸ்பீடு 38400. அட்ரஸ் 1ல இருந்து 20 வரைக்கும் நல்லாதான் ஓடிட்டு இருந்துச்சு, இப்ப கான்ட்ராக்டர் ஆளுங்க கடைசி பாக்ஸ்ல இருந்து லைன நீட்டி புது கேபினுக்கு 21 டு 24 போட்டுட்டு போனதுல இருந்து புதுசு நாலும் வரவே இல்ல, பழசுலயும் பாதி ஆஃப்லைன் போகுது, ரீஸ்டார்ட் பண்ணா வருது திரும்ப போயிடுது. ப்ளஸ் மைனஸ் எங்கயும் மாறல. கன்ட்ரோலர் போயிடுச்சா?

பதில் 1:
ப்ரோ ஃபேக்டரி ரீசெட் அடிச்சு பாருங்க, எனக்கு ஒரு தடவ அதுல சரியாச்சு.

பதில் 2:
தம்பி தயவுசெஞ்சு ஃபேக்டரி ரீசெட் பக்கம் போயிடாதீங்க, பேக்கப் இல்லனா டேட்டாபேஸ், ஷெட்யூல் எல்லாம் போயிடும். ரீஸ்டார்ட்டும் சும்மா சும்மா பண்ணாதீங்க, அந்த கன்ட்ரோலர்ல ஏஹெச்யூ (ஏசி காத்த தள்ளுற பெரிய யூனிட்), சில்லர் (ஏசிக்கு தண்ணிய குளுர வைக்கிற மெஷின்) லாஜிக் ஓடுதுன்னா முதல்ல அத ஹேண்ட் மோடுல (கையால ஓட்டுற மாதிரி) போட்டுட்டுதான் கை வைக்கணும்.

நீங்க சொல்றத பாத்தா லைன்லதான் கோளாறு. அந்த லைன்ல எல்லாத்தையும் பவர் ஆஃப் பண்ணிட்டு ப்ளஸ்க்கும் மைனஸ்க்கும் நடுவுல மீட்டர் வைங்க. ரெண்டு முனையிலயும் 120 ஓம் டெர்மினேட்டர் (லைன் முடியுற இடத்துல போடுற ரெசிஸ்டர்) இருந்தா 60 கிட்ட காட்டணும். 120 காட்டுனா ஒண்ணுதான் இருக்கு, 40 காட்டுனா மூணு இருக்கு.

அப்படியே ஷீல்டையும் (கேபிளுக்குள்ள ஒயர சுத்தி இருக்குற உலோக உறை) பாருங்க, ஒரு முனையில மட்டும்தான் எர்த் ஆகணும், நடுவுல ஒவ்வொரு பாக்ஸ்லயும் ஷீல்டோட ஷீல்டு முறுக்கி டேப் சுத்தியிருக்கணும். டெர்மினல்ல ஸ்க்ரூ இன்சுலேஷன் மேல இறுகியிருக்கான்னு ஒயர லேசா இழுத்து பாருங்க, வெளிய பாத்தா மாட்டுன மாதிரியே இருக்கும் உள்ள காண்டாக்ட் இருக்காது.

கேள்வி கேட்டவர்:
அண்ணா 41 காட்டுச்சு! 20ஆவது பாக்ஸ்ல எண்ட் ஆஃப் லைன் ஸ்விட்ச் (டெர்மினேட்டர சேக்குறது) ஆன்லயே இருந்துச்சு, 24லயும் ஆன். 20ல ஆஃப் பண்ணதும் 61. 22ல ஷீல்டு பாக்ஸ் பாடியில கட்டியிருந்தாங்க, அதையும் கழட்டிட்டேன். பழசு இருபதும் காலையில இருந்து அசையல, ஆனா புதுசு நாலும் இன்னும் வரல.

பதில் 2:
ரொம்ப சந்தோஷம் தம்பி. இப்ப மேக்ஸ் மாஸ்டர் (ஒரு பாக்ஸ் எந்த அட்ரஸ் வரைக்கும் தேடணும்ங்கற செட்டிங்) எவ்ளோன்னு பாருங்க. அது 20ன்னு இருந்தா 20ஆவது பாக்ஸ் தனக்கு மேல யாரையும் தேடாது, டோக்கன (பேசுறதுக்கான முறைய) திருப்பி முதல் அட்ரஸ் 0க்கே அனுப்பிடும், 21க்கு டோக்கனே போகாது. நெட்வொர்க் கன்ட்ரோலர்ல மட்டும் மாத்துனா பத்தாது, பழைய பாக்ஸ் எல்லாத்துலயும் 24க்கு ஏத்துங்க. 127 வரைக்கும் போடலாம், ஆனா இல்லாத அட்ரஸ தேடியே நேரம் போகும்.

பதில் 3:
புதுசு நாலுக்கும் டிவைஸ் இன்ஸ்டன்ஸ் நம்பர் (பேக்நெட்ல ஒவ்வொரு டிவைஸுக்கும் உள்ள ஐடி) தனித்தனியா போட்டாங்களான்னும் பாத்துக்கோங்க, இது மொத்த பில்டிங் நெட்வொர்க்லயும் ரிப்பீட் ஆகக்கூடாது, வேற மாடியில அதே நம்பர் இருந்தாலும் தகராறுதான்.

கேள்வி கேட்டவர்:
மேக்ஸ் மாஸ்டர் 20தான் இருந்துச்சு அண்ணா!! எல்லாத்துலயும் 24 போட்டு, பேக்கப் எடுத்துட்டு, ஏஹெச்யூவ ஹேண்ட்ல வச்சு ஒரே ஒரு ரீஸ்டார்ட். 21, 22, 24 வந்துருச்சு. 23க்கு ட்ரான்ஸ்ஃபார்மர்ல 24 வோல்ட்டே வரல, ஃப்யூஸ் வாங்க ஆள் அனுப்பியிருக்கேன்.