பதினான்கில் ஒன்பதை நிறுத்தினோம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தொடங்கியவர் (தயாரிப்புப் பிரிவில் இருந்தவர்)

ஒரு சின்ன ஆடியோ நிறுவனத்தில் எட்டு வருடம் இருந்தேன். முதலாளியையும் சேர்த்து ஒன்பது பேர். ஹெட்போன் ஆம்ப், டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றுவது), ஃபோனோ ப்ரீஆம்ப் (இசைத்தட்டு முள்ளின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது), பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுவது) என்று பட்டியலில் பதினான்கு பெயர்கள் இருந்தன. ஒன்பதை நிறுத்திவிட்டு ஐந்தோடு நின்றோம். எடுக்க வேண்டிய முடிவுதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் நிறுத்திய விதத்தில் இரண்டு இடத்தில் நன்றாகச் சொதப்பினோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு என்பது வெளியே தெரிந்த கணக்கு. எங்கள் ஹெட்போன் ஆம்ப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு, வெள்ளி என இரண்டு நிறம். நாட்டுக்கு நாடு மாறும் மின்சாரத்துக்காக 115 வோல்ட், 230 வோல்ட் என இரண்டு வகை. உள்ளே டிஏசி போர்டு இல்லாதது, சாதா போர்டு வைத்தது, உயர்ரக போர்டு வைத்தது என மூன்று. பெருக்கிப் பாருங்கள், பன்னிரண்டு. வாங்குபவருக்கு அது ஒரே பொருள், கிடங்கில் பன்னிரண்டு தனித்தனி அட்டைப்பெட்டி. அலமாரி நிறைய வெள்ளி 115 இருக்கும், வருகிறவர்கள் எல்லாரும் கருப்பு 230 கேட்பார்கள். சொல்லிவைத்த மாதிரி நடக்கும்.

அதனால் முதல் கத்தரி பொருள்கள் மேல் விழவில்லை, இந்தப் பெருக்கல் மேல்தான் விழுந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் 115 வோல்ட்டுக்கான முதன்மைச் சுற்று இரண்டு வைக்கச் சொன்னோம். பக்க இணைப்பில் சேர்த்தால் 115, தொடரிணைப்பில் சேர்த்தால் 230. அடியில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பன்னிரண்டு ஆறாயிற்று. டிஏசி போர்டைத் தனியாக உறையில் போட்டு விற்க ஆரம்பித்தோம், தேவைப்படுகிறவர் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். ஆறு இரண்டாயிற்று. மிச்சம் இருந்தது நிறம். வெள்ளியைக் கைவிட முதலாளிக்கு மனசே வரவில்லை, அவர் கையால் செய்த முதல் பெட்டியின் நிறம் அது. அந்த ஒரு விஷயத்துக்கு மூன்று கூட்டம் போட்டோம்.

அப்புறம்தான் எதை நிறுத்துவது என்ற பேச்சு. விற்பனை எண்ணிக்கையை மட்டும் வைத்து அடியிலிருந்து வெட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கடைசியில் இருந்தது ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப். ஆனால் அதில் இருந்த பாகங்களெல்லாம் மற்ற பெட்டிகளிலும் இருந்தவைதான், சர்வீஸுக்கு வந்ததே இல்லை, யாரும் சந்தேகம் கேட்டு எழுதியதும் இல்லை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்தது. நேர்மாறாக, நன்றாக விற்ற யூஎஸ்பி டிஏசி எங்கள் உயிரை வாங்கியது. 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தர ஒலி ஓட யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற தரநிலை வேண்டும், அது விண்டோஸில் அப்போது இல்லை. தனியாக டிரைவர் போட்டாக வேண்டும். ஒவ்வொரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் ‘சத்தம் வரவில்லை’ என்று மின்னஞ்சல் குவியும். ஒருவர் முழுநேரமும் அதற்கே பதில் எழுதிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தியே விடலாம் என்று இருந்தபோது, 2017-ல் விண்டோஸ் 10-இலேயே அந்த வசதி வந்துவிட்டது. மின்னஞ்சல் குறைந்தது, டிஏசி தப்பித்தது.

சரி, சொதப்பல்களுக்கு வருகிறேன். ஒரு பவர் ஆம்ப் மாதக் கணக்காக அசையாமல் கிடந்தது. ‘இத்தோடு நிறுத்துகிறோம், இருப்பது இவ்வளவுதான்’ என்று அறிவித்தோம். இரண்டே நாளில் காலி! கிடைக்காதவர்கள் வருத்தப்பட்டு எழுதினார்கள். அதைப் படித்த முதலாளி, ‘பார்த்தீர்களா, கேட்பதற்கு ஆள் இருக்கிறது’ என்று இன்னொரு தொகுதி செய்யச் சொன்னார். சூடு தணிக்கும் ஹீட்சிங்க் வந்தது, பெட்டி வந்தது, பூட்டியாயிற்று. திரும்பவும் விலைப்பட்டியலில் ஏற்றிய அன்றிலிருந்து பழையபடி தூங்க ஆரம்பித்தது. வாங்கத் துடித்தவர்கள் எல்லாம் அது தீர்ந்துபோகப் போகிறது என்பதற்காகத் துடித்தவர்கள். இதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

இரண்டாவது இன்னும் மோசம். அந்த இரண்டு நாள் உற்சாகத்தில் வேறொரு மாடலின் கையிருப்பையும் துடைத்து விற்றுவிட்டோம். சர்வீஸுக்கு என்று ஒரு பெட்டிகூட ஒதுக்கவில்லை. வாரண்டி முடியாத ஆம்ப் ஒன்று முன்பக்க போர்டு கருகி வந்தபோது மாற்றிப் போட எதுவும் இல்லை. கடைசியில் முதலாளி தன் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த பெட்டியைத் திறந்து போர்டைக் கழற்றிக் கொடுத்தார். வெள்ளி நிறப் பெட்டி, சொல்லவே வேண்டாம்.

பழுது பார்ப்பவர்

உங்கள் முதலாளி போர்டையாவது கழற்றிக் கொடுத்தார். என் மேசைக்கு வருவதெல்லாம் அப்படிக் கொடுக்க ஆள் இல்லாத பெட்டிகள்.

நிறுவனம் பொருளை நிறுத்துவது ஒரு பக்கம். பாகம் செய்பவன் பாகத்தை நிறுத்துவது இன்னொரு பக்கம், அது சத்தமே இல்லாமல் நடக்கும். தோஷிபாவின் 2எஸ்கே170 என்ற சின்ன ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஞாபகம் இருக்கிறதா? இரைச்சல் மிகக் குறைவு என்பதால் ஃபோனோ ப்ரீஆம்ப், ஹெட்போன் ஆம்ப் என்று எதைத் திறந்தாலும் உள்ளே அது உட்கார்ந்திருக்கும். அதை நிறுத்திய பிறகு சந்தையில் போலிகள் வர ஆரம்பித்தன. எங்கோ கிடந்த ஏதோ ஒரு டிரான்சிஸ்டரின் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டு 170 என்று அச்சடித்து விற்றார்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது. அதன் கால்களில் கேட், சோர்ஸ் என்ற இரண்டையும் சேர்த்துப் பிடித்து எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று அளக்க வேண்டும். பிஎல் என்ற வகைக் குறி எழுதியிருந்தால் 6 முதல் 12 மில்லிஆம்பியர் வரைக்குள் வர வேண்டும். நான் ஒரு முறை வாங்கிய பொட்டலத்தில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது லீனியர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் அதற்கு மாற்றாகச் செய்கிற எல்எஸ்கே170 போட்டு ஒப்பேற்றுகிறேன், நன்றாகவே இருக்கிறது.

ஒரே ஒரு நல்ல அனுபவம் உண்டு. ஒரு சின்ன நிறுவனம் தன் பழைய ப்ரீஆம்ப்பை நிறுத்தியபோது முழு சர்க்யூட் படத்தையும், எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற குறிப்பையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. இரண்டே பக்கம். அந்த ப்ரீஆம்ப் வந்தால் எனக்கு அரை மணி நேர வேலை. படம் இல்லாத பெட்டி வந்தால் முதல் நாள் முழுக்க படம் வரைவதிலேயே போய்விடும். போட்டியாளர் காப்பியடித்துவிடுவார் என்று பயப்படுகிறார்கள். இனிமேல் விற்கவே போவதில்லை என்று முடிவு செய்த பொருளை யார் காப்பியடித்தால் என்ன?

வாங்குபவர்

நான் தயாரிப்பாளர் இல்லை, காசு கொடுப்பவன். என் குறை ஒன்றுதான். ஒரு டிஏசி வாங்கினேன், ஆறாவது வாரம் அதை நிறுத்திவிட்டு ‘எளிமைப்படுத்தப்பட்ட’ புதிய மாடலை அறிவித்தார்கள். வாங்கும்போது, எதை எடுக்கலாம் என்று அவர்களிடமே கேட்டுத்தான் வாங்கினேன். அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்காதா? பழையது நன்றாகத்தான் பாடுகிறது, இன்றும் அதில்தான் கேட்கிறேன். ஆனால் அந்த நிறுவனத்திடம் இன்னொரு பொருள் வாங்க மனம் வரவில்லை.

அதே சமயம், நிறுத்தினால் அத்தோடு முடிந்தது என்றும் சொல்ல முடியாது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளை 2010-ல் நிறுத்தினார்கள், 2016-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரிய இடம், செய்தார்கள். சின்ன நிறுவனத்தில் பாகங்களை வார்க்கும் அச்சுகளுக்கு மறுபடி செலவு செய்ய யார் இருக்கிறார்கள்?

அப்புறம், எனக்கும் வெள்ளி நிறம்தான் பிடிக்கும். ஏன் எப்போதும் அதைத்தான் முதலில் வெட்டுகிறீர்கள்?

மென்பொருள் எழுதியவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் செய்த ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸை (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) நாங்கள் நிறுத்தவே இல்லை. அதன் கட்டுப்பாட்டு மென்பொருள் 32 பிட்டில் எழுதியது. 2019-ல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்தபோது 32 பிட் மென்பொருள் எதுவும் ஓடாது என்றாகிவிட்டது. பெட்டியில் ஒரு ஸ்க்ரூ கூடத் தளரவில்லை, ஆனால் உள்ளே இருக்கும் மிக்ஸரைத் தொட வழியில்லை. திரும்ப எழுதலாம் என்றால், அதை முதலில் எழுதியவர் வேலையை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு செய்த இன்டர்ஃபேஸில் எல்லாவற்றுக்கும் முன்பக்கத்தில் குமிழ் வைத்துவிட்டோம். வசதி குறைவுதான். எந்தக் கணினியும் தேவையில்லை.

இரண்டு பேர் மட்டும் உள்ள நிறுவனம்

எங்களுக்கு எதை நிறுத்துவது என்று யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. 2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானில் நோபியோக்காவில் இருந்த ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அணைக்கவே பல நாள் ஆயிற்று. எங்கள் டிஏசி இரண்டிலும் இருந்தது அவர்கள் சிப். சில வாரங்களிலேயே எங்கு கேட்டாலும் இல்லை, இருந்த இடத்தில் விலையைக் கேட்டால் போனை வைத்துவிடத் தோன்றும்.

இஎஸ்எஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் சிப் போட வேண்டியதுதானே என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்வது சுலபம். நாங்கள் பயன்படுத்திய ஏகேஎம் சிப்பில் வெளியே வருவது மின்னழுத்தம். இஎஸ்எஸ் சிப்பை நன்றாக ஓட்ட வேண்டுமானால் மின்னோட்டமாக எடுத்து, வெளியே ஒரு கட்டத்தில் மின்னழுத்தமாக மாற்ற வேண்டும். ஆக, சிப்பைச் சுற்றி இருக்கும் ஃபில்டர், மின்வழங்கி, சிப்புக்குக் கட்டளை அனுப்பும் நிரல் எல்லாமே புதிது. பெயர் மட்டும்தான் பழையது. அதுவும் நிலைக்கவில்லை, ஏனென்றால் புத்திசாலித்தனமாக சிப்பின் எண்ணையே மாடல் பெயராக வைத்திருந்தோம். முன்பக்கத்தில் பெயர் பொறித்த அலுமினியத் தகடுகள் ஒரு கட்டு வந்து இறங்கியிருந்தன. ஒன்றைக் கதவு திறந்திருக்க முட்டுக்கொடுக்க வைத்திருக்கிறேன், நல்ல கனம்.

இரண்டு டிஏசி இருந்த இடத்தில் ஒன்றுதான் திரும்பச் செய்தோம். வருத்தப்பட்டு எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒரே ஒருவர் எழுதினார், அவரும் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தனக்குப் புரிந்ததே இல்லை என்றார்.

தொடங்கியவர்

மேலே கேட்டவர்களுக்குப் பதில்.

ஆறு வாரக் கதை: உங்கள் கோபம் நியாயம். எங்களிடமும் அது நடந்தது. முன்கூட்டியே அறிவித்தால் பழையது தேங்கிவிடும் என்ற பயம்தான் காரணம், வேறு ரகசியம் எதுவும் இல்லை. பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நிறுத்துவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வாங்கியவர் விரும்பினால் வித்தியாசத் தொகையைக் கட்டிப் புதியதற்கு மாறிக்கொள்ளலாம். திரும்பி வந்த பழைய பெட்டிகள் வீணாகவும் இல்லை. சர்வீஸ் அலமாரிக்குப் போயின. உதிரி பாகத்துக்கு அதைவிட மலிவான வழியை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

சர்க்யூட் படம்: பழுது பார்க்கும் நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு இப்போது அங்கே இருப்பவர்களிடம் பேசினேன். நிறுத்திய ஒன்பதில் ஆறுக்குப் படம் இருக்கிறதாம். மூன்றுக்குப் படமே இல்லையாம், இருப்பதெல்லாம் முதலாளியின் நோட்டில் பென்சில் கோடு. ஸ்கேன் செய்து தரச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளி நிறம் கேட்டவருக்கு: பெட்டி இல்லை. ஆனால் வெள்ளி வால்யூம் குமிழ் மூன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உங்கள் ஆம்ப்பில் தண்டு 6 மில்லிமீட்டர்தானா, வழவழப்பாக இருக்கிறதா பல் வெட்டியிருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். பல் வெட்டியது என்றால் பொருந்தாது.