ஏற்காட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி எங்கே போடலாம்?
வணக்கம். ஏற்காட்டில் இருக்கும் அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரையும் வீசிங்கும் உண்டு. சளி பிடித்தால் ராத்திரி முழுக்கச் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டுவிட வேண்டும். போட்டு இரண்டு வாரம் ஆகும் எதிர்ப்புச் சக்தி வர. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷம் போட்டது போதாது, வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கவனியுங்கள்.

சேலத்தில் ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்த வருஷத்து ஸ்டாக் எங்கே கிடைக்கும்? என்ன விலை?

20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும். மருந்தை 2 முதல் 8 டிகிரியிலேயே வைக்கணும் என்பதால் நானே வாங்கிப் பையில் கொண்டுபோகவும் பயம். ஏற்காட்டிலேயே போடும் டாக்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். அப்பாவுக்கும் சேர்த்துப் போடணும்.