அமைப்புக் கோப்பில் 060 என்று எழுதினால் 48 ஆகிறது, 090 என்று எழுதினால் 0 ஆகிறது: சி நிரலின் மேக்ரோக்களைச் சரிபார்க்க உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில், தொட்டியின் வெப்பநிலையைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பதிவு செய்யும் சிறு சி நிரல் ஒன்று ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுதியவர் பணி மாறிச் சென்றுவிட்டதால் பராமரிக்கும் பொறுப்பு சென்ற மாதம் என்னிடம் வந்தது. நிரல் நிறுவனத்தின் உடைமை என்பதால் வரிகளை அப்படியே இங்கே ஒட்ட இயலாது. அவை செய்யும் வேலையைச் சொற்களில் விளக்குகிறேன்.

அமைப்புக் கோப்பில் இரண்டு பிரிவுகள் உள்ளன. அளவிப் பிரிவில் இடைவெளி (நொடிகளில்), அளவியின் ஐ-டூ-சி முகவரி (இணைப்புக் கம்பியில் அளவியை அடையாளம் காட்டும் எண்) ஆகியவையும், வலைப் பிரிவில் போர்ட் எண்ணும் இருக்கும். ஒவ்வொரு வரியையும் எஃப்கெட்ஸ் என்னும் நூலகச் செயற்கூறு மூலம் படித்து, சமக்குறியின் இடப்பக்கத்தைச் சாவி என்றும் வலப்பக்கத்தை மதிப்பு என்றும் ஒரு துணைச் செயற்கூறு பிரித்துத் தருகிறது. அதன் பிறகு ஒரு மேக்ரோ (பெயரிட்டு வைத்த நிரல் துணுக்கு) வருகிறது. சாவி தனக்குக் கொடுத்த பெயரோடு பொருந்தினால், ஸ்டர்டோல் செயற்கூறின் உதவியால் மதிப்பை எண்ணாக மாற்றி, அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் கட்டுருவின் உரிய உறுப்பில் வைப்பதே அதன் வேலை. ஸ்டர்டோலுக்கு இரண்டாவது உள்ளீடாக நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) என்பதும், எண்ணின் அடிமானமாக (பத்து, எட்டு, பதினாறு போன்ற எண்முறை) 0 என்பதும் தரப்பட்டுள்ளன. பயன்படுத்தும் இடத்தில், "அளவிப் பிரிவு என்றால் இடைவெளிக்கான மேக்ரோ, எல்ஸ் (இல்லையெனில்) போர்ட்டுக்கான மேக்ரோ" என்று அடைப்புக்குறி எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறார். முகவரி மட்டும் தனி வரியில் படிக்கப்படுகிறது.

இரண்டு சிக்கல்கள் எனக்கு விளங்கவில்லை. நிலையத்தின் பதிவேட்டில் எல்லா எண்களையும் மூன்று இலக்கமாக எழுதும் வழக்கம் உண்டு. அதே வழக்கத்தில் இயக்குநர் இடைவெளியை 060 என்று எழுதியபோது நிரல் 48 நொடிக்கு ஒருமுறை அளந்தது. 090 என்று மாற்றியபோது இடைவெளி 0 ஆகிவிட்டது. நிரல் ஓய்வே இல்லாமல் சுழன்று, விடிவதற்குள் பதிவுக் கோப்பு நினைவக அட்டையை நிரப்பிவிட்டது. ஆனால் 120 என்று எழுதினால் சரியாக 120 வருகிறது. இரண்டாவது சிக்கல், வலைப் பிரிவில் போர்ட் எண் எதை எழுதினாலும் அது ஏற்கப்படாமல் இயல்பு மதிப்பான 8080 நிற்கிறது. அதே வரியைத் தவறுதலாக அளவிப் பிரிவில் ஒட்டியபோது மட்டும் ஏற்கப்பட்டது. நினைவகம் எங்கோ சிதைகிறதோ என்று வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி கொண்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் காட்டவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம். நீங்கள் அறிகுறிகளை இவ்வளவு துல்லியமாகக் குறித்துவைத்திருப்பதால் நிரலைப் பார்க்காமலேயே காரணத்தைச் சொல்ல முடிகிறது. வால்கிரைண்ட் எதையும் காட்டாதது இயல்பே, ஏனெனில் இரண்டுமே மொழியின் விதிப்படி முறையான நிரல். எழுதியவர் நினைத்ததும் கம்பைலர் படித்ததும் வெவ்வேறு என்பதுதான் இங்கே உள்ள பிழை.

முதலில் எண். ஸ்டர்டோலுக்கு அடிமானம் 0 என்று கொடுத்தால், "எழுத்துகளைப் பார்த்து அடிமானத்தை நீயே முடிவு செய்துகொள்" என்று பொருள். பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை, அடுத்து எக்ஸ் இல்லையென்றால், அது எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாகப் படிக்கும். எனவே 060 என்பது ஆறு எட்டு நாற்பத்தெட்டு. 090 என்பதில் முதல் பூச்சியத்தைப் படித்த பிறகு வரும் 9 அந்த முறையில் ஓர் இலக்கமே அல்ல; ஆகவே ஸ்டர்டோல் அங்கேயே நின்று, அதுவரை படித்த 0 என்பதைத் திருப்பித் தருகிறது. எங்கே நின்றேன் என்று சொல்வதற்காகத்தான் அதன் இரண்டாவது உள்ளீடு இருக்கிறது. உங்கள் மேக்ரோ அந்த இடத்தில் நல் கொடுத்திருப்பதால், அது சொல்ல வந்ததைக் கேட்க ஆள் இல்லை.

இதற்காக எல்லா இடத்திலும் அடிமானத்தை 10 என்று உடனே மாற்றிவிடாதீர்கள். முந்தையவர் 0 கொடுத்ததற்குக் காரணம் அந்த ஐ-டூ-சி முகவரியாக இருக்கலாம். எல்எம்75 போன்ற அளவிகளின் முகவரியைப் பதினாறு அடிமானத்தில், பூச்சியம்-எக்ஸ்-48 என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அடிமானம் 10 ஆனால் அது எக்ஸில் நின்று 0 ஆகிவிடும். அடிமானம் என்பது ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டியது.

அடுத்தது போர்ட். மேக்ரோ என்பது செயற்கூறு அல்ல. தொகுப்புக்கு முன் ஓடும் முன்செயலி அதன் உடலை அந்த இடத்தில் எழுத்துக்கு எழுத்து ஒட்டிவிடுகிறது. உங்கள் மேக்ரோவின் உடல் ஓர் இஃப் கூற்று. ஒட்டிய பிறகு கிடைப்பது "அளவிப் பிரிவு என்றால், சாவி இடைவெளி என்றால், மதிப்பை வை, எல்ஸ் போர்ட்டைப் படி" என்பது. சி மொழியில் எல்ஸ் எப்போதும் தனக்கு மிக அருகில் துணையின்றி நிற்கும் இஃபோடு சேரும். ஆகவே அது நீங்கள் கண்ணால் காணும் வெளி இஃபை விட்டுவிட்டு, மேக்ரோவுக்குள் மறைந்திருக்கும் இஃபோடு சேர்ந்துவிட்டது. அளவிப் பிரிவில் இருந்து, சாவி இடைவெளியாக இல்லாதபோது மட்டுமே போர்ட் படிக்கப்படும். வலைப் பிரிவில் முழுக் கூற்றும் தாண்டப்படும். நீங்கள் கண்டது அப்படியே இதுதான்.

நேரில் பார்க்க விரும்பினால், ஜிசிசி கம்பைலரைப் பெரிய ஈ எழுத்துத் தெரிவுடன் இயக்குங்கள். தலைப்புக் கோப்புகள் விரிந்து நூற்றுக்கணக்கான வரிகள் வரும். உங்கள் நிரல் கடைசியில் இருக்கும். டபிள்யூ-ஆல் தெரிவைச் சேர்த்துத் தொகுத்தால், எல்ஸ் எதைச் சேர்ந்தது என்பது தெளிவாக இல்லை, அடைப்புக்குறி இடுக என்று கம்பைலரே எச்சரித்திருக்கும். நிரலைத் தொகுக்கும் கட்டளைகள் உள்ள உங்கள் மேக்ஃபைலில் அந்தத் தெரிவு இல்லை என்று நினைக்கிறேன்.

உடனடித் தீர்வாக, மேக்ரோவின் உடலை டூ என்று தொடங்கி வைல் பூச்சியம் என்று முடியும் சுழலுக்குள் அடைத்துவிடுங்கள். ஒரே ஒருமுறை ஓடும் அந்தச் சுழல் முழுவதையும் ஒற்றைக் கூற்றாக்கிவிடும். அரைப்புள்ளியும் எல்ஸும் உரிய இடத்தில் அமரும். ஆனால் என் கருத்தில், இந்த வேலையை மேக்ரோ செய்யவே கூடாது. எண்ணாக மாற்றுவதை ஒரு செயற்கூறாக எழுதுங்கள். அழைப்பதற்கு முன், பிழையெண்ணை வைக்கும் எர்நோ மாறியை 0 ஆக்குங்கள், ஏனெனில் நூலகச் செயற்கூறு எதுவும் அதைத் தானாக 0 ஆக்குவதில்லை. அழைத்த பிறகு மூன்றைப் பாருங்கள்: ஓர் இலக்கமாவது படிக்கப்பட்டதா, சரத்தின் முடிவு வரை படிக்கப்பட்டதா, எர்நோவில் ஈரேஞ்ச் (எண் வரம்பு மீறியது என்னும் பிழை) இருக்கிறதா. அதன்பின் அந்த அமைப்புக்குரிய குறைந்த அளவு, மிகுந்த அளவு ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள்.

இந்த வரம்புச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. உங்கள் ராஸ்பெர்ரி பையில் 32 பிட் இயங்குதளம் இருந்தால், ஸ்டர்டோல் திருப்பித் தரும் லாங் என்னும் எண் வகை 32 பிட். 4294967376 என்று யாரேனும் எழுதினால் ஈரேஞ்ச் வரும். அதே நிரலை 64 பிட் லினக்ஸ் மடிக்கணினியில் ஓட்டினால் லாங் 64 பிட் என்பதால் எந்தப் பிழையும் வராது. அதை 32 பிட் கொண்ட இன்ட் உறுப்பில் வைக்கும்போது மேல் பிட்டுகள் உதிர்ந்து 80 என்ற மிக நியாயமான போர்ட் எண் மிஞ்சும்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி ஐயா. டபிள்யூ-ஆல் சேர்த்ததும் நீங்கள் சொன்ன எச்சரிக்கை அதே வரியில் வந்தது. டூ-வைல் போட்டதும் போர்ட் சரியாகிவிட்டது. எண் மாற்றத்தையும் செயற்கூறாக எழுதிவிட்டேன். ஆனால் புதியதொரு தடை வந்திருக்கிறது: நான் பையிலேயே எழுதிய கோப்பு சரியாகப் படிக்கப்படுகிறது, நிலையத்திலிருந்து வந்த கோப்பிலோ எல்லா எண்களும் "சரத்தின் முடிவு வரை படிக்கப்படவில்லை" என்று மறுக்கப்படுகின்றன. திரையில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. இயக்குநர் விண்டோஸ் கணினியில் கோப்பைத் திருத்துகிறார் என்பது மட்டும் தெரியும். இன்னொன்று, கோப்பில் தமிழில் குறிப்புரைகள் உண்டு; அவற்றால் இடையூறு வருமா?

பதில் 2

இடையில் புகுந்து சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு எழுத்துகளை இடுகிறது: முதலில் கேரேஜ் ரிட்டர்ன், அடுத்து நியூலைன். உங்கள் துணைச் செயற்கூறு நியூலைனை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை விட்டுவைக்கிறது. முன்பு யாரும் சரத்தின் முடிவைப் பார்க்காததால் அது கண்ணில் படவில்லை. இப்போது உங்கள் சோதனை தன் வேலையைச் செய்கிறது. சோதனையைத் தளர்த்தாதீர்கள். மதிப்பின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடங்களை, வெற்றிடமா என்று சோதிக்கும் இஸ்ஸ்பேஸ் செயற்கூறு கொண்டு கண்டு நீக்குங்கள். கேரேஜ் ரிட்டர்னும் அதன் கணக்கில் வெற்றிடமே. கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் கொண்ட பைட் வரிசைக் குறி (கண்ணுக்குத் தெரியாத குறியாக்க அடையாளம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். சில திருத்திகள் அதைச் சேர்க்கும், அப்போது முதல் பிரிவின் தலைப்பு பொருந்தாமல் போகும்.

தமிழ்க் குறிப்புரை பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். அவை மூன்றுமே 127-க்கு மேற்பட்டவை. இன்டெல் கணினியில், எழுத்தை வைக்கும் சார் என்னும் வகை இயல்பாகக் குறியுடையது என்பதால் அந்தப் பைட்டுகள் எதிர்ம எண்களாகும். உங்கள் பையில் உள்ளது போன்ற ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் அது குறியற்றது. ஆகவே உங்கள் பையில் சிக்கல் தெரியாது. இஸ்ஸ்பேஸுக்கு எதிர்ம எண் கொடுத்தால், கோப்பு முடிவைக் குறிக்கும் ஈஓஎஃப் ஒன்றைத் தவிர, என்ன நடக்கும் என்று மொழி வரையறுக்கவில்லை. லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி தன் அட்டவணையை எதிர்ம எண்களுக்கும் நீட்டிவைத்திருப்பதால் அங்கே பெரும்பாலும் தப்பித்துவிடுவோம்; வேறு நூலகத்தில் அந்த உறுதி இல்லை. ஒவ்வோர் அழைப்பிலும் அன்சைன்ட் சார் (குறியற்ற சார்) என்று வகை மாற்றிக் கொடுங்கள். தமிழில் கோப்பு எழுதும் நாம் இதை மறக்கவே கூடாது. ஆங்கிலக் கோப்பை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது.

நானும் ஒன்று கேட்க வேண்டும். மேக்ரோக்களில் எதற்குள்ளேனும் ரிட்டர்ன் கூற்று இருக்கிறதா?

கேட்டவரின் மறுமொழி

இருக்கிறது. பிழை நேர்ந்தால் -1 திருப்பித் தரும் மேக்ரோ ஒன்று உள்ளது. ஹேங்-அப் சைகை (ஓடும் நிரலுக்கு வெளியிலிருந்து அனுப்பும் அறிவிப்பு) வந்தால் நிரல் கோப்பை மறுபடி படிக்கும். அங்கேயும் அதே மேக்ரோ பயன்படுகிறது.

பதில் 2

அப்படியானால் மறுவாசிப்பில் பிழை நேரும் ஒவ்வொரு முறையும், கோப்பை மூடும் வரியை அடைவதற்கு முன்பே செயற்கூறு வெளியேறிவிடுகிறது; திறந்த கோப்பு ஒன்று கசிகிறது. லினக்ஸில் ஒரு செயலுக்குத் திறந்த கோப்புகளின் இயல்பு வரம்பு பொதுவாக 1024. பெயரைப் பார்த்தால் சோதனை போலத் தெரிகிற மேக்ரோ உள்ளே வெளியேற்றத்தையும் வைத்திருப்பது, படிப்பவரை ஏமாற்றும். அதை நீக்கிவிட்டு, துணைச் செயற்கூறுகள் பிழையெண்ணைத் திருப்பித் தரட்டும். வெளியேறுவதை அழைப்பவர் வெளிப்படையாக எழுதட்டும்.

பதில் 1

அவர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். மேக்ரோவுக்கு ஓர் இடம் உண்டு. அது அட்டவணை எழுதும் இடம். அமைப்பின் பெயர், கட்டுருவில் அந்த உறுப்பு இருக்கும் தொலைவு, அடிமானம், குறைந்த அளவு, மிகுந்த அளவு என ஐந்து தகவல்களை ஒரு வரியாகத் தரும் மேக்ரோவை வைத்துக்கொள்ளுங்கள். முன்செயலியின் # குறி உறுப்பின் பெயரைச் சரமாக்கித் தரும். ஆஃப்செட்-ஆஃப் தொலைவைத் தரும். பெயரை இருமுறை எழுதி ஒன்றில் எழுத்துப்பிழை விடும் வாய்ப்பு இதனால் போய்விடும். அட்டவணையைச் சுற்றிவந்து உரிய வரியைக் கண்டு மதிப்பை மாற்றுவது ஒரே செயற்கூறு. இடைவெளிக்கு அடிமானம் 10, முகவரிக்கு 16 என்று அட்டவணையிலேயே கண்ணெதிரே நிற்கும். அடிமானம் 16 கொடுத்தாலும் பூச்சியம்-எக்ஸ் முன்னொட்டை ஸ்டர்டோல் ஏற்கும்.

மறுவாசிப்பின்போது ஓடிக்கொண்டிருக்கும் கட்டுருவில் நேரடியாக எழுதாதீர்கள். தனிக் கட்டுரு ஒன்றில் படித்து, கோப்பு முழுவதும் பிழையின்றி முடிந்த பிறகே மாற்றி வையுங்கள். பாதி புதியதும் பாதி பழையதுமாக நின்றால் எந்த அமைப்போடு அளந்தோம் என்பது பதிவேட்டில் தெரியாமல் போகும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாள்கள் எடுத்துக்கொண்டு நீங்கள் சொன்னபடி மாற்றி எழுதினேன். 060, 090, 120 ஆகியவை இப்போது 60, 90, 120 என்றே வருகின்றன. முகவரி முன்போலவே 72 ஆகக் கிடைக்கிறது. விண்டோஸில் சேமித்த தமிழ்க் குறிப்புரைக் கோப்பைப் பையிலும் மடிக்கணினியிலும் சோதித்தேன். இரண்டிலும் ஒரே விளைவு. பிழையான கோப்பைக் கொடுத்து 2000 முறை மறுவாசிப்புச் செய்தும் திறந்த கோப்புகளின் எண்ணிக்கை கூடவில்லை.

நேற்று மாலை இயக்குநர் 90 என்பதில் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தை இட்டுவிட்டார். "வரி 7, இடைவெளி: 1 முதல் 3600 வரையிலான எண் தேவை, பழைய அமைப்பே தொடர்கிறது" என்று திரையில் வந்ததைப் படித்துவிட்டு, எனக்குத் தொலைபேசியில் அழைக்காமல் அவரே திருத்திக்கொண்டார்.