நாயின் தெள்ளுப்பூச்சிக்கு வழி சொல்லுங்கள்

எங்கள் மணிக்கு 2 மாதமாகத் தெள்ளுப்பூச்சித் தொல்லை. உண்ணி இல்லை. வாலடியில் சீப்பு போட்டால் மிளகுத்தூள் போல உதிர்கிறது. ஈரமான வெள்ளைத் துணியில் தட்டினால் செம்பழுப்பாகக் கரைகிறது. குடித்த இரத்தத்தின் எச்சம்!

மருத்துவர் தந்த சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டேன். 10 நாள் நிம்மதி, பிறகு பழைய கதை. கூட்டுப்புழு மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும் என்பதால் சாக்கு, கால்மிதி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்துவிட்டேன். வேப்பெண்ணெய் தடவியதில் வீடு நாறியதுதான் மிச்சம்.

என் சந்தேகமெல்லாம் கொல்லைப்புறம்தான். மதியம் முழுவதும் மாமரத்தடி நிழலில் குழி பறித்துப் படுக்கிறான். அந்த மண்ணை என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பூனையும் அங்கே வரும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு விஷம் என்பதால் தெளிக்கத் துணியவில்லை. கொல்லையில் இதை ஒழித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.