அக்காவின் பக்கவாதத்துக்குக் காரணம் இதயத்துக்குள் இருந்தது

நோயாளியின் தம்பி எழுதியது:

அக்காவுக்கு அப்போது 38 வயது. சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. ஒரு காலை என்னிடம் காபி டம்ளரை நீட்டியவர், அது கைநழுவித் தரையில் உருண்டதை அறியாமலேயே நின்றார். "ஒண்ணுமில்லடா" என்று சொல்ல முயன்றபோது வாய் இடப்பக்கம் கோணி, சொல் குழறியது. மூளையின் இடப்புறத்தில் ரத்தக் குழாய் அடைத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. ஈசிஜி சரியாக இருந்ததால் இதயத்தில் கோளாறு இல்லை என்றே நாங்கள் நம்பிவிட்டோம். இன்றும் என்னை உறுத்துவது அந்த நம்பிக்கைதான், ஏனெனில் ஈசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யுமே தவிர, உள்ளே வளரும் கட்டியைக் காட்டாது.

நான்காம் நாள் எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைத் திரையில் காட்டும் பரிசோதனை, எடுத்தார்கள். இதயத்தின் இரு மேலறைகளையும் பிரிக்கும் சுவரிலிருந்து காம்புவிட்டுத் தொங்கிய ஓர் உருண்டை, ஒவ்வொரு துடிப்பிலும் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வு வழியே கீழறைக்குள் இறங்கி மீண்டும் மேலேறியதைத் திரையில் நானே பார்த்தேன். மிக்சோமா என்றார்கள். இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது. பெரியவர்களுக்கு வருபவற்றில் இது முக்கியமானது, நான்கில் மூன்று பங்கு இடது மேலறையில்தான் வளரும். புற்றுநோய் அன்று என்றாலும், உடைந்த துணுக்கு ரத்தத்தோடு மூளைக்குப் போய்விடும். 1954இல் ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதன்முதலாக வெற்றிகரமாக இதை அகற்றும்வரை, பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் இது தெரியவந்திருக்கிறது.

அறுவை சிகிச்சைக்குப் பின் அதைக் கிண்ணத்தில் காட்டினார்கள். நுங்குச் சுளை போல வழுவழுப்பாக, ஓரங்கள் பிய்ந்து உதிரும் பதத்தில் இருந்தது.

பக்கவாதத்துக்கு முன்பு ஏழு மாதங்களாகவே அக்காவுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது, எடை குறைந்தது, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு ஏறியிருந்தது. காசநோயோ என்று சளியைப் பரிசோதித்தோம். படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தணியும். நெஞ்சில் முணுமுணுப்பு ஒலி கேட்ட ஒரு மருத்துவர், ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியிருக்கலாம் என்று எண்ணி எக்கோவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மகளின் பொதுத்தேர்வு முடியட்டும் என்று அந்தச் சீட்டை அலமாரியில் வைத்தது நாங்கள்தான்.

எக்கோ பரிசோதகர் ஒருவரின் பதில்:

உங்களைப் போலச் சீட்டை வைத்துவிட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். எங்களிடம் வந்த 61 வயதுக்காரர் ஒருவருக்கு இருமுறை சில நிமிடங்கள் பேச்சு நின்று தானாகவே திரும்பியிருந்தது. நெஞ்சின் மீது கருவியை வைத்து எடுத்த எக்கோவில், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வில் ஏதோ அசைவது போன்ற ஐயம் மட்டுமே எழுந்தது. உணவுக்குழாய் வழியே கருவியைச் செலுத்தி எடுத்தபோதுதான் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கட்டி தெளிவாகத் தெரிந்தது. பாப்பில்லரி ஃபைப்ரோஎலாஸ்டோமா என்பது அதன் பெயர். அகற்றி நீரில் இட்டதும் மெல்லிய இழைகளாக விரிந்ததாம். காரணம் புலப்படாத பக்கவாதம் என்றால் அந்த இரண்டாவது எக்கோ தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

நோயாளியின் தம்பி:

நன்றி. மிக்சோமா அரிதாக மீண்டும் வளரக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் எக்கோ எடுக்கிறோம். இப்போது சீட்டு கைக்கு வந்த அன்றே போய்விடுகிறோம்.