ஓ.டி.ஏ.ல சேர்ந்தா நேரா பாரா எஸ்.எஃப். ஆகலாமா?

ஆதம்பாக்கம் பையன்: பரங்கிமலை ஓ.டி.ஏ. (ராணுவ ஆபீசர் டிரெய்னிங் அகாடமி) வழியாத்தான் தினமும் காலேஜ் போறேன். அங்க சேர்ந்தா நேரா பாரா எஸ்.எஃப்., அதாவது ஸ்பெஷல் ஃபோர்ஸ் பாரா கமாண்டோவா? 2019 உலகக் கோப்பையில தல தோனி கிளவுஸ்ல இருந்துச்சே, அந்த பேட்ஜ் வேணும்.

ரிடையர்டு ஹவில்தார், ஆவடி: தம்பி, மொதல்ல டிகிரி முடி, எஸ்.எஸ்.பி. (ஆபீசர் தேர்வு இன்டர்வியூ) தேறு. ஓ.டி.ஏ. உன்னை லெஃப்டினன்ட் ஆக்கும், அவ்ளோதான். எஸ்.எஃப்.க்கு நீயா விருப்பப்பட்டு புரொபேஷன், அதாவது தகுதிச் சோதனைக்குப் போகணும். நான் சும்மா பாரா, அதாவது பாராசூட்ல குதிக்கிற படை; எஸ்.எஃப். இல்ல. ஆக்ராவுல 5 ஜம்ப், அதுல ஒண்ணு ராத்திரி, முடிச்சா விங்ஸ்ங்கிற இறக்கை பேட்ஜ். தோனியும் 2015-ல அங்கதான் குதிச்சார். மெரூன் தொப்பி எங்களுக்கும் உண்டு, நீ கேக்குற பலிதான் பேட்ஜ் எஸ்.எஃப்.காரங்களுக்கு மட்டும்.

குதிக்கிறது பெரிசில்ல. கதவுகிட்ட பின்னாடி நிக்கிறவன் மூச்சு கழுத்துல படும், யோசிக்க நேரமே இருக்காது. புரொபேஷன்தான் ஆளைத் தின்னும்: தூக்கமில்ல, முதுகுல பாரம், ராத்திரி முழுக்க நடை. எங்ககூட இருந்த தாட்டியான ஆளுங்கள்லாம் திரும்பி வந்தாங்க. வாயே திறக்காத ஒல்லி திருநெல்வேலிக்காரன் தேறிட்டான்!

மடிப்பாக்கம் அக்கா: வீட்ல அம்மாகிட்ட சொல்லிட்டியாப்பா?

ஆதம்பாக்கம் பையன்: இன்னும் இல்லக்கா. அண்ணே, பெசன்ட் நகர் மணல்ல ஓடுறேன், முட்டி வலிக்குது.

ஹவில்தார்: மணலை நிறுத்து. நாளைக்கே டாக்டரைப் பாரு.