கூலிங் டவருக்கு மாதா மாதம் சோதனை: தேவையா, வீண் செலவா?

முருகேசன் (குவீன்ஸ்)
நியூயார்க் நகரில் 2025 கோடையில் சென்ட்ரல் ஹார்லெம் பகுதியில் லெஜியோனேர் நோய் (லெஜியோனெல்லா என்ற கிருமியால் வரும் கடுமையான நிமோனியா) பரவி 114 பேர் பாதிக்கப்பட்டார்கள், 7 பேர் இறந்தார்கள். பெரிய கட்டடங்களின் ஏசிக்காக மொட்டை மாடியில் தண்ணீரைக் குளிர வைக்கும் கூலிங் டவர்களிலிருந்து வந்த நீர்த்திவலைதான் காரணம். அதன் பிறகு, 90 நாளுக்கு ஒருமுறை செய்துவந்த லெஜியோனெல்லா சோதனையை, டவர் ஓடும் காலத்தில் மாதம் ஒருமுறை செய்ய வேண்டும் என்று நகர மன்றம் மாற்றிவிட்டது.

நான் எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் பாதிப் பேர். லேப் கட்டணம், மாதிரி எடுக்க வருபவருக்குக் கூலி எல்லாம் கடைசியில் அவர்கள் தலையில்தான் விழும். ஏற்கெனவே இருக்கிற விதியை ஒழுங்காக அமல்படுத்தாமல் புது விதி போடுவது நியாயமா?

ஜெயந்தி ஆர்.என்.
முருகேசன் சார், செலவைப் பற்றிய உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2015 கோடையில் சவுத் பிராங்ஸில் 138 பேருக்கு நோய், 16 பேர் மரணம். ஒரு ஹோட்டலின் கூலிங் டவர்தான் மூலம் என்று பிறகு தெரிந்தது. அப்போது நகரத்தில் எத்தனை டவர் இருக்கிறது, எந்தக் கட்டடத்தின் மேல் இருக்கிறது என்ற பட்டியலே சுகாதாரத் துறையிடம் இல்லை. நோயாளிகள் வந்துகொண்டே இருக்க, ஆட்கள் டவரைத் தேடி அலைந்தார்கள். அதே ஆகஸ்டில்தான் பதிவு செய்வதும் பராமரிப்புத் திட்டம் வைத்திருப்பதும் கட்டாயமானது.

நர்ஸாக வார்டில் லெஜியோனேர் நிமோனியா நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல், மூச்சுத்திணறல், சிலருக்கு வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம். வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிற நோய் இது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பொதுவாகத் தொற்றாது. தெருவில் நடந்து போனவர் மூச்சை இழுத்தார், அவ்வளவுதான். அந்த டவர் யாருடையது என்றுகூட அவருக்குத் தெரியாது. செலவைக் கணக்குப் போடும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளான்ட்ரூம் கதிர்
நான் சில்லர் பிளான்ட்டில், அதாவது கட்டடத்தின் ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் தயாரிக்கும் இயந்திர அறையில், வேலை பார்ப்பவன். இரண்டு பேருமே சோதனையைச் சுற்றியே பேசுகிறீர்கள். சோதனை நோயைத் தடுக்காது. கல்ச்சர் முறையில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதில், முடிவு வர பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம். அதற்குள் டவரில் தண்ணீர் எத்தனையோ முறை மாறியிருக்கும். ரிப்போர்ட் கையில் வரும்போது அது பழைய தண்ணீரின் ரிப்போர்ட்.

டவர் எப்படி வேலை செய்கிறது என்றால், சில்லரிலிருந்து வரும் சூடான தண்ணீர் மேலிருந்து ஃபில் மீது (தண்ணீரைப் பரப்பிவிடும் தகடுகள்) கொட்டும். விசிறி காற்றை இழுக்கும், கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி மீதியைக் குளிர வைக்கும். தண்ணீர் முப்பது சொச்சம் டிகிரியில் நிற்கிறது, இந்தக் கிருமிக்கு அதுதான் சொர்க்கம். ஆவியாகிப் போகப் போக உப்பு கெட்டியாகும், உப்புப் படிவு ஏறும், அதன் மேல் வழவழப்பான படலம் பிடிக்கும். படலத்துக்குள் புகுந்த கிருமியை குளோரின் சுலபமாகத் தொட முடியாது. அதனால் மூன்று விஷயம் தினமும் சரியாக இருக்க வேண்டும்: கிருமிநாசினி மருந்து, ப்ளோடவுன் (உப்பு ஏறிய தண்ணீரை வெளியேற்றுவது), ட்ரிஃப்ட் எலிமினேட்டர் (நீர்த்திவலை வெளியே போகாமல் பிடிக்கும் தடுப்பு).

நான் போன ஒரு கட்டடத்தில் மருந்தைத் தண்ணீரில் செலுத்தும் டோசிங் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிகிறது, டிக் டிக் என்று சத்தமும் வருகிறது. ஆனால் குழாயில் காற்று அடைத்து மருந்து உள்ளே போகவே இல்லை. மருந்து டிரம்மில் மட்டம் இறங்கவில்லை. லாக் ஷீட்டில் மட்டும் தினமும் 'பம்ப் ஓகே' என்று எழுதியிருக்கிறார்கள், எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அங்கே மாதம் பத்து சோதனை வைத்தாலும் என்ன பயன்?

ஜெயந்தி ஆர்.என்.
கதிர் தம்பி, நீங்கள் சொன்ன உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது. லாக் ஷீட்டில் பொய் எழுதலாம், லேப் ரிப்போர்ட்டில் எழுத முடியாது. 90 நாளுக்கு ஒருமுறை என்றால் அந்தப் பம்ப் மூன்று மாதம் சும்மா டிக் டிக் என்று ஓடியிருக்கும். மாதம் ஒருமுறை என்றால் ஆறு வாரத்துக்குள் வெளியே வந்திருக்கும்.

இது எங்கும் நடக்காத புதுமையும் இல்லை. 2012-இல் கியூபெக் நகரில் 180 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கேயும் அப்போது டவர் பட்டியல் கிடையாது. 2014 முதல் அந்த மாகாணத்தில் 30 நாளுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். கிருமி எண்ணிக்கை லிட்டருக்கு 10,000 தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பத்து லட்சத்தைத் தொட்டால் விசிறியை நிறுத்தி உடனே சுகாதார அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். அங்கேயும் வாடகை வீட்டுக்காரர்கள், ஓய்வூதியக்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

முருகேசன் (குவீன்ஸ்)
ஹார்லெமில் கடைசியில் எந்த டவர் மாட்டியது, அதையும் சொல்லுங்கள். ஒன்று நகர அரசே நடத்தும் ஹார்லெம் மருத்துவமனை. இன்னொன்று, நகரத்தின் பொதுச் சுகாதார ஆய்வகத்துக்கே புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடம். இரண்டும் அரசாங்கத்தின் இடங்கள். ஆய்வாளர் பற்றாக்குறையால் டவர் சோதனைக்கு ஆள் வருவது அதற்கு முந்தைய ஆண்டுகளில் ரொம்பவே குறைந்துவிட்டது என்று செய்திகளும் வந்தன. வேலியே சரியில்லை, எங்களை மட்டும் ஏன் இறுக்குகிறீர்கள்? முதலில் ஆய்வாளர்களை வேலைக்கு எடுக்கட்டும்.

ஜெயந்தி ஆர்.என்.
எடுக்கட்டும், அதைத்தான் நானும் கேட்கிறேன். ஆய்வாளர் வரவில்லை என்பது சோதனையைக் குறைக்கக் காரணம் ஆகுமா? அவர் வராத மாதங்களில் நம்மிடம் இருப்பது அந்த ஒரு ரிப்போர்ட்தான்.

பிளான்ட்ரூம் கதிர்
அக்கா, லேப் ரிப்போர்ட்டில் பொய் எழுத முடியாது என்றீர்கள். மாதிரி எடுக்கும் நேரம் யார் கையில்? மருந்து கொட்டின அரை மணியில் பாட்டிலைப் பிடித்தால் எந்த டவரும் பாஸ்தான்.

இன்னொன்று சொல்கிறேன், இதுதான் என் உண்மையான பயம். ரிப்போர்ட் மோசமாக வந்ததும் பதறிப்போய்ச் சுத்தம் செய்வார்கள். பிரான்ஸின் பா-த-கலே பகுதியில் 2003 கடைசியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் டவரிலிருந்து நோய் பரவியது. நிறுத்தி, ஹை-பிரஷர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். பீய்ச்சியதில் கிருமி தூசி மாதிரிக் கிளம்பி இரண்டாவது அலை வந்தது. மொத்தம் 86 பேர், அதில் 18 பேர் இறந்தார்கள். ஆலையிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் வந்தது.

நியூயார்க்கிலேயே 2015 செப்டம்பரில் மாரிஸ் பார்க் பகுதியில் மறுபடி நோய் வந்ததே, அங்கே கிருமிநீக்கம் செய்து இரண்டு மாதம்கூட ஆகாத டவர்களில் கிருமி இருந்தது. 2018-இல் லோயர் வாஷிங்டன் ஹைட்ஸில் ஜூலையில் பரப்பிய அதே டவர், சுத்தம் செய்த பிறகும் இலையுதிர் காலத்தில் மறுபடி பரப்பியது. அங்கெல்லாம் சோதனை குறைவாக இருந்தது பிரச்சினை இல்லை. கழுவினார்கள், ஆனால் படலம் எங்கோ மூலையில், தண்ணீர் ஓடாத குழாயில் தங்கிவிட்டது.

செல்வி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தண்ணீரே இல்லாத ஏர்-கூல்டு சில்லர் இருக்கிறதே, அதற்கு மாறினால் தீர்ந்துபோகாதா? ஹார்லெமில் என் மாமியார் இருக்கிறார், வயது 74, சர்க்கரை உண்டு.

பிளான்ட்ரூம் கதிர்
டவர் பிரச்சினை தீரும். ஆனால் மின்சாரம் அதிகம் இழுக்கும், மாடியில் இடமும் எடையும் வேண்டும். புதுக் கட்டடத்துக்கு யோசிக்கலாம், பழையதில் கஷ்டம்.

ஜெயந்தி ஆர்.என்.
செல்வி, வீட்டு ஜன்னல் ஏசியால் இது வராது, பயப்பட வேண்டாம். அத்தைக்கு இருமலோடு காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். கிருமி உள்ளே போன பிறகு இரண்டு நாளிலிருந்து பதினான்கு நாள்வரை ஆகலாம். பகுதியில் நோய் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி லெஜியோனெல்லாவுக்குப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்ச் சோதனை பெரும்பாலும் ஒரே ஒரு வகையைத்தான் கண்டுபிடிக்கும், அதனால் சளிச் சோதனையையும் கேளுங்கள். எல்லா ஆன்டிபயாட்டிக்கும் இதற்கு வேலை செய்யாது.

கதிர், மாதிரியை மருந்து போடுவதற்கு முன்புதான் எடுக்க வேண்டும், எடுப்பவர் பராமரிப்பு ஒப்பந்தக்காரராக இருக்கக் கூடாது, விசிறியை நிறுத்தாமல் கழுவக் கூடாது. இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால் மாதச் சோதனையை ஏற்பீர்களா?

பிளான்ட்ரூம் கதிர்
அந்த மூன்றோடு டிரம் மட்டத்தைத் தினமும் குறிக்க வேண்டும் என்பதும் இருந்தால், சரி. மட்டம் இறங்காத நாளுக்கு அபராதம் போடுங்கள், சோதனை தேதி தவறியதற்குப் போடுவதைவிட அதிகமாக.

முருகேசன் (குவீன்ஸ்)
வெளியாள் வந்து மாதிரி எடுத்தால் செலவு இன்னும் ஏறும். சிறிய குடியிருப்புகளுக்கு நகரம் பாதிச் செலவையாவது ஏற்காதவரை என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கும். டிரம் மட்டத்துக்குச் செலவில்லை. அதை எங்கள் ஒப்பந்தக்காரரிடம் திங்கட்கிழமையே கேட்கிறேன்.

ஜெயந்தி ஆர்.என்.
மானியம் கேட்டு நீங்கள் மன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். சோதனையை எடுத்துவிடச் சொல்லி எழுதினால் எதிர்த்து எழுதுவேன்.